டேலி ஆனால் சரி ஆகிவிடுமா?

புனேயிலிருந்து 120 கிலோமீட்டர் தாண்டி அகமதுநகரில் (இப்போது அஹில்யாநகர்) ஒரு டாங்கி மியூசியம் இருக்கிறது. 1994ல் திறந்தது. இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் டாங்கியான மாட்டில்டா அங்கே நிற்கிறது. ஒன்பதாவது படிக்கும் என் பையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். வீடு திரும்பியதும் 1:35 அளவில் ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கித் தர வேண்டியதாயிற்று.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டி முடித்தான். பெயின்ட் விஷயத்தில் நான் மூக்கை நுழைத்தேன். அங்கேதான் வினை.

1940-41ல் வடஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு மூன்று நிறத்தில், நேர்கோடுகளால் வெட்டினாற்போல் ஒரு வேஷம் போட்டார்கள். பிரிகேடியர் கான்ட்டர் பெயரால் அதை கான்ட்டர் ஸ்கீம் என்பார்கள். மணல் நிறம், ஓர் அடர்த்தியான நிறம், இரண்டுக்கும் நடுவில் வெளிர் நீலம். நான் வைத்திருந்த பழைய புத்தகத்தில் நீலம். கிட்டோடு வந்த படத்தில் நீலம். இங்கிலாந்தில் மியூசியத்தில் நிற்கும் டாங்கியின் போட்டோவிலும் நீலம்.

"மூணும் ஒண்ணாச் சொல்லுது. அப்புறம் என்னடா சந்தேகம்? அடி நீலத்தை" என்றேன். அடித்தான். அழகாகத்தான் இருந்தது.

பிறகுதான் தெரிந்தது, நீலமே கிடையாது என்று. மைக் ஸ்டார்மர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அந்தக் கால ராணுவ உத்தரவுகளையும் நிற அட்டைகளையும் வைத்துக் கணக்கை நேராக்கியிருக்கிறார். மணல் நிறம் போர்ட்லண்ட் ஸ்டோன் எண் 64 அல்லது லைட் ஸ்டோன் எண் 61. அடர் நிறம் ஸ்லேட் எண் 34. நடுவில் இருப்பது சில்வர் கிரே எண் 28, அதாவது பச்சை கலந்த சாம்பல். பிற்காலத்தில் மியூசியத்தில் பூசிய நீலத்தைப் பார்த்துக் கிட் கம்பெனிகள் வரைந்தன, புத்தகங்களும் அதையே போட்டன. என் மூன்று சாட்சியும் ஒரே ஆள்!

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம் இது. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் லெட்ஜர் சரி என்று அர்த்தமில்லை. தப்பான என்ட்ரியை இரண்டு பக்கமும் ஒழுங்காகப் போட்டால் அதுவும் டேலி ஆகும். வவுச்சர் எங்கே என்று கேட்க வேண்டும். பிராஞ்சில் இருபது வருஷமாகப் பிறரிடம் கேட்கிற கேள்வியை வீட்டில் நான் கேட்கவில்லை.

ஜெர்மன் டாங்கிகள் விஷயத்திலும் இதே கதைதான். போரின் ஆரம்பத்தில் அவை முழுக்கச் சாம்பல் நிறம் என்று வெகுகாலம் நம்பினார்கள். உண்மையில் 1940 ஜூலை வரை மூன்றில் இரண்டு பங்கு அடர் சாம்பல், ஒரு பங்கு அடர் பழுப்பு. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். பெயின்டை மிச்சம் பிடிக்கத்தான் பழுப்பை நிறுத்தினார்கள். இதுவும் உத்தரவைப் படித்த பிறகே வெளியே வந்தது.

ஆக, என் கட்சி இதுதான். நிறம் பார்க்கிறவர்கள் முதலில் உத்தரவைப் பார்க்கட்டும், அடுத்து அந்தக் கால நிற அட்டையை. போட்டோவைக் கோடு எங்கே போகிறது என்பதற்கு மட்டும் நம்பலாம். மியூசியத்துப் பெயின்டும் பெட்டி மேல் இருக்கும் படமும் கடைசி. வெளியில் நிற்கும் இரும்புக்குத் துருப்பிடிக்காமல் யாராவது பெயின்ட் அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

உத்தரவும் முடிந்த முடிவல்ல. 1943 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் அடர் மஞ்சளுக்கு மாறியபோது, மேலே அடிக்கும் பச்சையும் செம்பழுப்பும் பசையாகத்தான் படைகளுக்குப் போயின. கிடைத்ததைப் பொறுத்துப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள். பக்கத்துப் பக்கத்து டாங்கிகளே ஒத்துப்போகாது. அங்கே "இது என் ஊகம்" என்று சொல்லிவிட்டு அடிப்பதுதான் நேர்மை.

"ஏங்க, ஷோகேஸ்ல இருக்கப் போற பொம்மைக்கு இவ்வளவு பஞ்சாயத்தா? யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் தங்கமணி.

நியாயமான கேள்விதான். ஆனால் பையன் அந்த டாங்கிக்கு ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தான். 1940 டிசம்பர் 9, நிபேவா. அன்றைக்கு 4வது இந்திய டிவிஷனின் தாக்குதலில் மாட்டில்டாக்கள் முன்னே போக, பின்னால் போன காலாட்படையில் ராஜபுதனா ரைபிள்ஸ் வீரர்களும் இருந்தார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்கள் நாளை எழுதி ஒட்டிய பிறகு அது வெறும் பொம்மை இல்லை. தெரிந்தே தப்பான நிறத்தை விட்டுவைக்க மனசு வரவில்லை.

பையனிடம் சொன்னேன். "நீங்கதானே மியூசியத்துலயே இருக்குன்னு சொன்னீங்க?" என்றான். பதில் இல்லை. "தப்பு என்னோடதுடா. செக் பண்ணாம பாஸ் பண்ணிட்டேன்" என்றேன். இரண்டு வாரம் டாங்கியைத் தொடவில்லை. மூன்றாவது வாரம் அவனே சாம்பலும் பச்சையும் கலந்துகொண்டு உட்கார்ந்தான்.

இப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் "அப்பா, வவுச்சர்?" என்கிறான். தாத்தா காலத்து ஊர்க்கதை சொன்னால்கூட விடுவதில்லை. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கிட்டுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை.