மலைப்பாதை

விடுமுறை வந்தால் பலருக்கு மலை நினைவு வருகிறது. ஜீப்பை எடுக்கிறார்கள். நல்ல ரோட்டை விட்டுவிட்டு, கல்லும் குழியுமான பாதையைத் தேடிப் போகிறார்கள். வண்டி குலுங்கக் குலுங்க, அவர்களுக்குக் குஷி!

பொழுதுபோக்குத்தான், தவறு இல்லை. ஆனால், அந்த மாதிரிப் பாதையில் தினமும் நடப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துப் பார்த்தோமா?

தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலை இருக்கிறது. 2021 சட்டசபைத் தேர்தலுக்கு அங்கே ஓட்டு எந்திரங்கள் எப்படிப் போயின, தெரியுமா? கழுதை முதுகில்! அப்போது வண்டி போக ரோடு இல்லை. 2024 பாராளுமன்றத் தேர்தலிலும் கழுதைதான் சுமந்தது.

ஓட்டு எந்திரத்தைக் கழுதை சுமக்கும். பிரசவ வலியால் துடிக்கும் பெண்ணை எது சுமக்கும்? பாம்பு கடித்த குழந்தையை? தூளி கட்டி, தோளில் தூக்கி, மனிதர்கள்தான் இறங்க வேண்டும். விஷம் காத்திருக்குமா?

அதே மாவட்டத்தில் வத்தல்மலையைப் பாருங்கள். காப்பியும் மிளகும் விளையும் மலை. ரோடு வருவதற்கு முன், அங்கும் நடைதான். இன்று கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டி ஏறுகிறது. விளைந்த பொருள் சந்தைக்கு வருகிறது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்.

அந்த ரோட்டில் உல்லாசமாகப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. குறுகலான மலை ரோட்டில், ஏறி வரும் வண்டிக்கு, இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். இது சட்டம். பாரத்தோடு ஏறும் வண்டி பாதியில் நின்றால், மறுபடி கிளம்புவது கஷ்டம். ஆம்புலன்ஸ் வந்தாலோ, ஏறினாலும் இறங்கினாலும் அதற்குத்தான் முதல் வழி.

"காட்டில் ரோடு போட முடியாது" என்று சிலர் சொல்வார்கள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வழி காட்டி இருக்கிறது. கிராம சபை பரிந்துரைத்தால், ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்கு (சுமார் 2½ ஏக்கர்) உட்பட்ட காட்டு நிலத்தைக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. அதற்கு மேல் நிலம் தேவையானால், மத்திய அரசின் அனுமதியைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஏன் தாமதம்?

கரடுமுரடான பாதை நமக்கு ஒரு நாள் விளையாட்டு. மலைவாசிகளுக்கு அது வாழ்நாள் துன்பம்.

ஓட்டு வாங்க மலை ஏறினோம். ரோடு போடவும் ஏற வேண்டும்!