போனவர்களும் ஆக்கப்பட்டவர்களும்

சிந்தனைக்கு மொழி வெறும் ஆடையா, அல்லது அதை வார்க்கும் அச்சா? மொழியியலாளர் நெடுங்காலமாக விவாதிக்கும் இவ்வினாவுக்கு ஈழத்தமிழ் வழக்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எமது பத்திரிகைகளில் பெருவழக்காயிருந்த சொல் 'காணாமற்போனோர்'. செய்தி மேசையில் நாள்தோறும் அதைக் கண்டவன் நான். 'போனார்' என்பது தன்வினை, போனவரே எழுவாய். ஆகவே, 'எங்கே போனார்?' என்றுதான் கேட்கத் தோன்றும். இன்று வழங்கும் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதோ செயப்பாட்டுவினை. 'ஆக்கியவர் யார்?' என்ற கேள்வி அதன் இலக்கணத்திலேயே அடங்கியுள்ளது.

ஆயினும், சொல்லே அவ்வெண்ணத்தைத் தந்தது எனக் கூறவியலாது. தன் கண்முன்னே பிள்ளை கொண்டுசெல்லப்படக் கண்ட தாய்க்கு அவ்வுண்மை முன்பே தெரியும். சிந்தனை முந்தியது, மொழி பிந்தியது. ஆனால், அவள் அறிந்ததை ஊரும் உலகமும் கேட்க ஒரு சொல் தேவைப்பட்டது.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலோ 'காணாமற்போன ஆட்கள்' என்றே உள்ளது. பெயரை மாற்றுவதால் பிள்ளைகள் திரும்பிவிடப் போவதில்லை. எனினும், பொறுப்புக்கூற வேண்டியவரை மறைக்கும் சொல்லை நாம் ஏன் பேணவேண்டும்?