பூட்டிய பெட்டிக்குள் கம்பெனிக் கணக்கு!

உழைத்துப் பிழைக்கிறவன் மாதா மாதம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பணம் கட்டுகிறான். எதற்காக? தான் கண்ணை மூடிவிட்டால் மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காக. பணம் கட்டுவது இன்று. அது திரும்பக் கிடைப்பதோ 20 ஆண்டு, 30 ஆண்டு கழித்து. அதுவரை கம்பெனி நிலைத்து நிற்குமா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய அதிகாரி ஒருவர் இருக்கிறார். கம்பெனியின் நாடித் துடிப்பு அவருக்குத் தெரியும். ஆனால், தெரிந்ததை எல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் அவர் வாயைக் கட்டி வைத்திருக்கிறது!

இது அமெரிக்காவில் உள்ள நிலைமை. இப்படி வாயைக் கட்டுவது நியாயமா?

மாநிலத்துக்கு ஒரு காவல்காரர்

இந்தியாவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்க நாடு முழுவதற்கும் ஒரே ஆணையம் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே 50 மாநிலங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்குத் தனி இலாகா உண்டு. அதன் தலைவரைப் பெரும்பாலும் 'கமிஷனர்' என்று அழைக்கிறார்கள். இந்த அதிகாரம் மாநிலங்களிடமே இருக்கட்டும் என்று 1945ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது.

கம்பெனிகள் ஆண்டுதோறும் கமிஷனரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது அதிகாரிகள் கம்பெனிக்கே போய், பேரேடுகளைப் புரட்டிச் சோதிக்கிறார்கள்.

இவற்றில் சில விவரங்கள் பொதுமக்களுக்குக் கிடைக்கும். ஆண்டுக் கணக்கை யாரும் பார்க்கலாம். சோதனை முடிந்து வெளியிடும் அறிக்கையையும் பார்க்கலாம். ஆனால், சோதனையின்போது அதிகாரிகள் எழுதி வைக்கும் குறிப்புகள் ரகசியம். "எங்களுக்கு என்னென்ன ஆபத்து வரக்கூடும்?" என்று கம்பெனியே தன்னைப் பற்றி எழுதிக் கொடுக்கும் அறிக்கையும் ரகசியம். மூலதனம் குறைந்த கம்பெனி, "இப்படி இப்படிச் சரி செய்வோம்" என்று கொடுக்கும் திட்டமும் ரகசியம். எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

ஏன் இத்தனை பூட்டு? காரணம் இல்லாமல் இல்லை.

ஏழு நாளில் வந்த ஆபத்து

மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் என்ற நகரம் இருக்கிறது. 'ஜெனரல் அமெரிக்கன் லைப்' என்ற பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனி அங்கே இருந்தது. அது பெரிய முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கியிருந்தது. "கேட்டால் ஏழே நாளில் திருப்பித் தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்திருந்தது.

1999ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கம்பெனிகளுக்கு மார்க் போடும் 'மூடிஸ்' நிறுவனம் இந்தக் கம்பெனியின் மார்க்கைக் குறைத்தது. அவ்வளவுதான்! "என் பணத்தைக் கொடு, என் பணத்தைக் கொடு" என்று முதலீட்டாளர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். அவர்கள் கேட்டது கொஞ்சநஞ்சம் அல்ல. பல நூறு கோடி டாலர்! கம்பெனியிடம் சொத்து இல்லாமல் இல்லை. ஆனால், அத்தனை சொத்தையும் ஏழு நாளில் விற்றுக் காசாக்க முடியுமா? முடியவில்லை. மாநில இலாகாவின் பாதுகாப்பில் கம்பெனி சரண் அடைந்தது. பிறகு வேறொரு பெரிய கம்பெனி அதை வாங்கிக் கொண்டது. குடும்பங்கள் தப்பின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் ஓடியவர்கள் யார்? பெரிய முதலீட்டாளர்கள். அவர்களிடம் வக்கீல் இருக்கிறார். கணக்கு நிபுணர் இருக்கிறார். காலையில் செய்தி வந்தால் மாலைக்குள் பணத்தைக் கேட்டு விடுவார்கள். தச்சு வேலை செய்பவருக்கும் அவர் மனைவிக்கும் விஷயம் தெரிவதற்குள் பெட்டி காலியாகி இருக்கும்!

ஆகவே, அதிகாரிக்குத் தோன்றும் ஒவ்வொரு சந்தேகத்தையும் அன்றன்றே ஊருக்குச் சொன்னால், பிழைக்கக்கூடிய கம்பெனியும் செத்துவிடும். நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போதே, "இவர் பிழைக்க மாட்டார் போலிருக்கிறது" என்று எந்த டாக்டராவது தெருவில் நின்று கத்துவாரா?

மூடி வைத்ததால் வந்த கேடு

ஆனால், இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு.

1905ஆம் ஆண்டு. நியூயார்க்கில் மூன்று பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்தன. லட்சக்கணக்கான குடும்பங்களின் பணம் அவற்றிடம் இருந்தது. அந்த ஆண்டு ஜனவரி மாதம், ஒரு கம்பெனியின் இளம் துணைத் தலைவர் பிரெஞ்சு அரசவை போல ஜோடனை செய்து ஆடம்பர விருந்து நடத்தினார். "யார் வீட்டுப் பணம்?" என்று ஊர் பேசியது. விருந்துச் செலவு கம்பெனிப் பணம்தான் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால், எழுந்த பேச்சு அடங்கவில்லை.

மாநிலச் சட்டசபை ஒரு குழுவை அமைத்து விசாரித்தது. சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ் என்ற வக்கீல் கம்பெனித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார். பகிரங்க விசாரணை! பாலிசிதாரர்களின் பணத்தில் அரசியல் கட்சிக்குத் தேர்தல் நன்கொடை போயிருந்தது. சட்டம் செய்கிறவர்களைச் சரிக்கட்டவும் பணம் போயிருந்தது. எல்லாம் அம்பலம் ஆயிற்று. அடுத்த ஆண்டே கடுமையான சட்டங்கள் வந்தன. ஹியூஸ், நியூயார்க் மாநிலத்தின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னாளில் அமெரிக்காவின் தலைமை நீதிபதியாகவும் ஆனார்.

நியூயார்க்கில் அதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் இலாகா இருக்கத்தான் செய்தது. கம்பெனிகளைச் சோதிக்கும் அதிகாரமும் அதற்கு இருந்தது. அப்படி இருந்தும் ஜனங்களுக்கு உண்மை எப்போது தெரிந்தது? கதவைத் திறந்து வைத்து விசாரித்த பிறகுதான்! பூட்டிய அறைக்குள் காவல்காரர் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்று வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

பழைய காவல்காரர் காட்டிய வழி

இந்த உண்மையை அதற்கும் முன்னால் கண்டுகொண்டவர் ஒருவர் உண்டு. அவர் எலிசூர் ரைட். கணக்கு வாத்தியாராக இருந்தவர். அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்.

1844ஆம் ஆண்டில் அவர் லண்டனுக்குப் போனார். அங்கே ஒரு காட்சியைக் கண்டு திடுக்கிட்டார். பணம் கட்ட முடியாத கிழவர்களின் பாலிசிகளை ஏலம் போட்டுக் கொண்டிருந்தார்கள்! ஏலம் எடுத்தவனுக்கு, கிழவர் சீக்கிரம் செத்தால் லாபம். ரைட்டின் மனம் கொதித்தது. ஊர் திரும்பிச் சட்டத்துக்காகப் பாடுபட்டார். 1858ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இன்ஷூரன்ஸ் கமிஷனர் ஆனார். கம்பெனிகளின் நிலைமையை அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். கம்பெனிகளுக்கு அவரைக் கண்டாலே பிடிக்கவில்லை. கடைசியில் பதவியும் போயிற்று. ஆனால், அவர் வழியால் இன்ஷூரன்ஸ் தொழில் அழியவில்லை. ஜனங்களின் நம்பிக்கை கூடியது, தொழில் வளர்ந்தது.

எதைச் சொல்லலாம்? எதை மறைக்கலாம்?

அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டுமா? வேண்டாம். எல்லாவற்றையும் பூட்ட வேண்டுமா? அதுவும் வேண்டாம்.

வைத்தியம் நடக்கும்போது ரகசியம் இருக்கட்டும். ஆனால், நோயாளி பிழைத்தாலும் சரி, இறந்தாலும் சரி, வைத்தியம் முடிந்த பிறகு பெட்டி திறக்கப்பட வேண்டும். கம்பெனி விழுந்துவிட்டால், அதிகாரிக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார் என்று ஜனங்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும்.

பிரிமியம் எவ்வளவு, அது ஏன் ஏறியது என்பதில் ரகசியமே கூடாது. கலிபோர்னியா மாநிலத்தில் 1988ஆம் ஆண்டு ஜனங்களே ஓட்டுப் போட்டு, கட்டணம் பற்றிய விவரங்களைப் பகிரங்கம் ஆக்கினார்கள். எந்தப் பகுதியில் எத்தனை பாலிசி விற்றோம் என்ற விவரத்தை வெளியிடக்கூடாது, அது வியாபார ரகசியம் என்று ஒரு பெரிய கம்பெனி வழக்குப் போட்டது. 2004ஆம் ஆண்டில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஜனங்கள் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஏழைகள் வாழும் பகுதியைக் கம்பெனி ஒதுக்குகிறதா என்று தெரிய வேறு என்ன வழி?

யாருக்காக இந்தப் பூட்டு?

கமிஷனரின் பெட்டிக்குப் பூட்டுத் தேவைதான். ஆனால், அந்தப் பூட்டு பாலிசிதாரரின் பணத்தைக் காக்க வேண்டுமே தவிர, கம்பெனித் தலைவரின் மானத்தைக் காக்க அல்ல. "இதை வெளியிட்டால் குடும்பங்களுக்குக் கேடு வருமா?" என்று அதிகாரி கேட்கட்டும். "கம்பெனிக்குக் கோபம் வருமா?" என்று கேட்க வேண்டாம்.

பெட்டியில் இருப்பது கம்பெனியின் கணக்கு. அந்தக் கணக்கில் இருப்பதோ, பாடுபட்ட மனிதன் தன் பிள்ளைகளுக்காக எடுத்து வைத்த பணம்!