கோர்வைக்கும் ஆடுபுலிக்கும் ஒரு பரிசு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் கொஞ்சம் கிறுக்கன். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதைப் 'பிராந்து' என்பார்கள். மலையாளத்திலிருந்து கடன் வாங்கிய சொல்தான். பாலக்காட்டு எல்லையில் பிறந்தவனுக்கு அந்தக் கடனெல்லாம் கணக்கில் வராது. கச்சேரிக்குப் போனால் ராகத்தை விட்டுவிட்டுத் தாளத்தை எண்ணுவேன். ரயிலில் ஏறினால் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து வேகம் கணக்கிடுவேன். 1983 ஜூன் 25 அன்று இரவு டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நாற்பது பக்க நோட்டில் பந்து பந்தாகக் குறித்தவன் நான். நம்மவர்கள் 183 ரன்னுக்குச் சுருண்டும் ஜெயித்த அதிசயத்தில் மற்றவர்கள் தெருவில் வெடி வைத்துக்கொண்டிருக்க, வெஸ்ட் இண்டீஸ் ரன்களைக் கூட்டினால் சரியாக 140 வருகிறதா என்று நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பையன் எப்படி இருப்பான்? அப்படியேதான் இருக்கிறான். வயது பதினைந்து. டோம்பிவிலியில் பிறந்து வளர்ந்தவன். சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கத்திலிருந்து போட்டி அறிவிப்பு வந்தது. குறள் ஒப்புவித்தல், பாரதி பாடல், பேச்சு, கோலம், மாறுவேடம். அவன் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா, இதில் எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டான். ஹிந்தியில் கேட்டான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. இந்தக் கட்டுரையே அந்தப் பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் பிள்ளைகளுக்குத் தமிழ் என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மனப்பாடம் செய்யக்கூடிய பகுதியை மட்டும். கணக்கும் கருவியும் விளையாட்டும் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம், ஆங்கிலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டோம். நான் பிறந்த ஊர்ப் பக்கத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தவறு என்று தெரிகிறது.

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பாலக்காடு மணி ஐயரின் (1912-1981) பெயரைக் கேட்டால் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவர்தான், 1966-ல். ஆனால் என் பையனிடம் "மகா வித்வான்" என்றால் கொட்டாவி விடுவான். அதனால் வேறு மாதிரி சொன்னேன். "ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அடி. அடிக்கு நான்கு மாத்திரை என்றால் மொத்தம் 32. ஒரே சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, நடுவில் இரண்டு இடத்தில் ஒரே அளவு இடைவெளி விட்டு, அடுத்த சமத்தில் கச்சிதமாக வந்து விழ வேண்டும். சொற்கட்டு எத்தனை மாத்திரை, இடைவெளி எத்தனை?" பென்சிலை எடுத்தான். பத்தும் ஒன்றும் என்றான். எட்டும் நான்கும் என்றான். கொஞ்சம் யோசித்து, ஆறும் ஏழும் கூட வரும் என்றான். "சரி, இதைப் பென்சில் இல்லாமல், பாடகர் என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டித் தெரியாமல், மேடையில் உட்கார்ந்து கைவிரலால் செய்கிறவர்கள் நம் ஊரில் இருந்தார்கள்" என்றேன். அன்று முதன்முறையாக ஒரு தனி ஆவர்த்தனத்தை முழுதாகக் கேட்டான். ரசித்தானா என்று கேட்காதீர்கள், எண்ணினான். எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசித்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. மிருதங்கம் செய்தவர்களின் பெயர் தெரிவதில்லை. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் பெருவெம்பு என்று ஓர் ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தோல் வாத்தியம் செய்யும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பலாக் கட்டையைக் குடைந்து, தோலை மூட்டி, வலந்தலையில் அந்தக் கறுப்புச் சாந்தைப் படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவதைச் சிறு வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். சாதாரண மேளத்தைத் தட்டினால் கிளம்பும் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. வெறும் சத்தமாகத்தான் கேட்கும். நடுவில் அந்தக் கறுப்புப் பாரம் ஏறியதும் அவை வரிசைக்கு வந்து இசையாகக் கேட்கின்றன. சர் சி.வி.ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார். ராமனுக்கு முன்னால் அதைக் கையால் தெரிந்து வைத்திருந்தவர்களைப் பற்றி நாம் எந்த மேடையிலும் பேசுவதில்லை. (மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர் என்பதையும் பையனிடம் சொன்னேன். "ஹெட்போன் போட்டுக் கேட்டால் கோபித்துக்கொள்வாரா?" என்றான். கோபித்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.)

இனி மலைப்பக்கம். என் மாமா மூணாறு எஸ்டேட் ஒன்றில் தேயிலை பாக்டரி பிட்டர். பள்ளி விடுமுறைக்கெல்லாம் அங்கேதான். தாமிரக் கம்பியைக் கூரை மேல் இழுத்துக் கட்டி, இலங்கை வானொலியைப் பிடிப்பார். கொழும்பிலிருந்து அப்துல் ஹமீதின் குரல் அந்தக் குளிரில் கணீரென்று வரும். நான் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, கம்பியைப் பத்தடி தள்ளிக் கட்டினால் கரகரப்பு குறையுமா என்று சோதித்து அடி வாங்கியிருக்கிறேன். பாட்டு அநேகமாக இளையராஜாவுடையதாக இருக்கும். அவர் பிறந்த பண்ணைப்புரம் அதே மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டத்து அடிவாரம்தான். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் எஸ்டேட் ஜனங்களிடம் பாடிப் பாடியே பிரசாரம் செய்தவர் என்று மாமா சொல்வார்.

அங்கே டாப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது? தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அந்த ரோப்வேயின் உச்சி நிலையம் அது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், மாடு இழுக்கும். 1908-ல் இரண்டடி அகலச் சிறு ரயிலாக மாற்றினார்கள். 1924 வெள்ளம் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே இறங்கிய பெட்டிகளைப் போடிக்குக் கொண்டு சேர்த்ததும், மேலே அவற்றைத் தூக்கியதும் நம் ஜனங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு மூணாறு தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போனபோது பையன் ஒரு கருங்கல் சூரியக் கடிகாரத்தின் முன் நின்றுவிட்டான். 1913-ல் நாசரேத் கைத்தொழில் பள்ளியில் செய்தது. "நாசரேத்தா? இஸ்ரேலா?" "இல்லையடா, நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்." அப்புறம் நேரம் சரியாக இல்லை என்று குறை சொன்னான். கடிகாரம் சரிதான். நம் கைக்கடிகாரம் காட்டுவது 82½ பாகை தீர்க்கரேகை நேரம். மூணாறு இருப்பது 77-ல். பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சுமார் 22 நிமிடம் பின்தங்கும். பருவத்துக்கேற்பச் சில நிமிடங்கள் கூடவும் குறையவும் செய்யும். ஊர் திரும்பியதும் டோம்பிவிலிக்குக் கணக்குப் போட்டுச் சுமார் 38 நிமிடம் என்று சுவரில் எழுதி வைத்துவிட்டான். என் மனைவி இன்னும் என்னிடம்தான் கோபமாக இருக்கிறாள்.

விளையாட்டில் நான் பார்வையாளன் மட்டும். மூணாற்றில் எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு கால்பந்து வந்தால் மாமா வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் லீவு போடுவார். ஓட்டக்காரர்களில் எனக்குப் பிடித்தவர் ப்ரீஜா ஸ்ரீதரன். இடுக்கியில் பிறந்து பாலக்காட்டில் ரயில்வே வேலை பார்த்தவர். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அதாவது 25 சுற்று, சுற்றுக்குச் சராசரி 76 விநாடி. தமிழச்சி இல்லையே என்பீர்கள். என் இரண்டு ஊரையும் இணைத்தவர், எனக்கு உறவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் பையன் கம்ப்யூட்டரில் ஆடுபுலி ஆட்டத்துக்கு ஒரு புரோகிராம் எழுத ஆரம்பித்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 முனை. பாதியில் ஒரு சந்தேகம். எல்லா ஆடும் இறங்கும் முன்பே புலி வெட்டலாமா, கூடாதா? எனக்கு மறந்துவிட்டது. ஊரிலிருக்கும் என் அம்மாவுக்கு அவனே போன் போட்டான். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டான். "கெடைக்கு வந்த ஆட்டைப் புலி வுட்டு வெக்குமா சாமி? வெட்டிப்போடும்!" என்றார்கள். பேச்சு முக்கால் மணி நேரம் போயிற்று. அதற்கு முன் அவர்கள் பேசியதெல்லாம் "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்" அவ்வளவுதான்.

சங்கத்து மூத்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, ஆடுபுலி ஆட வைக்கவா தமிழ்ச் சங்கம்?" என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. குறள் ஒப்புவித்த பிள்ளைக்கு ழகரம் நாக்கில் நிற்கும். என் பையனுக்குப் பழம் இன்னும் 'பலம்'தான். ஆகையால் இருக்கும் போட்டி எதையும் எடுக்கச் சொல்லவில்லை. கூட இரண்டு சேருங்கள் என்கிறேன். ஒன்று, ஆடுபுலி. மற்றது, ஒரு பிள்ளை ஒரு பொருளைக் கொண்டு வந்து அது எப்படி வேலை செய்கிறது என்று பத்து நிமிடம் தமிழில் சொல்ல வேண்டும். மிருதங்கமோ, மிக்ஸியோ, பழைய ரேடியோவோ எதுவானாலும் சரி. 'கரெண்ட்' என்று சொன்னதற்காக மார்க் குறைக்கக் கூடாது. நடுவர்களாகத் தமிழாசிரியர் ஒருவரும் எலக்ட்ரீஷியன் ஒருவரும் இருக்கட்டும்.

செலவைப் பற்றிக் கமிட்டி கவலைப்பட வேண்டாம். ஆடுபுலிப் பலகை நான்கு நானே செய்து தருகிறேன். புளியங்கொட்டை கிடைக்காவிட்டால் ஆட்டுக்குச் சட்டைப் பொத்தான் போதும். புலிக்குத்தான் ஏதாவது பெரியதாகப் பார்க்க வேண்டும்.