கொலைக் கணக்கு

‘ஹிட்லர் செஞ்சதெல்லாம் தப்புதான் சார், ஒத்துக்கறேன். ஆனா நிர்வாகம்னா அதுதான் நிர்வாகம். அந்த ஒழுங்கு நமக்கு வருமா?’

டீக்கடையில் மட்டுமல்ல, ஏ.சி. அறைகளிலும் இந்த வசனம் ஓடுகிறது. சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள், சிக்னலில் நிற்கிறவர்கள். கொலையைத் தனியாகவும் நிர்வாகத்தைத் தனியாகவும் பிரித்து வைத்துவிடலாம் என்று நம்புகிறார்கள். முடியாது. ஏன் முடியாது என்று தெரிந்துகொள்ள பெரிய சரித்திரப் புலமையெல்லாம் வேண்டாம். பி.காம். போதும். எஸ்.எஸ். படையின் வரவு செலவைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

1925-ல் ஹிட்லருக்கு மெய்க்காவல் கூட்டமாக ஆரம்பித்தது எஸ்.எஸ். 1929 ஜனவரியில் ஹிம்லர் தலைமைக்கு வந்தபோது மொத்தமே சுமார் 280 பேர். விவசாயம் படித்து, கோழி வளர்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். நாலே வருடத்தில் தலைக்கணக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. அரசாங்கப் படை அல்ல. ஒரு கட்சியின் சொந்தப் படை. ஆனால் ஹிட்லர் பதவிக்கு வந்த மறு மாதமே, 1933 பிப்ரவரியில், பிரஷ்யாவின் போலீஸைக் கையில் வைத்திருந்த கோரிங், கட்சி ஆட்களைத் துணை போலீஸாக்கிவிட்டார். நேற்றுவரை தெருவில் அடிதடி செய்தவன் இன்று சட்டத்தின் காவலன்.

சரி, காசு எங்கிருந்து வந்தது?

முதல் வரவு, சந்தா. நீங்கள் சீருடை போட வேண்டாம். யாரையும் அடிக்கப் போக வேண்டாம். மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் போதும், ‘ஆதரவு உறுப்பினர்’ என்று பேட்ஜ் கொடுப்பார்கள். லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். இரண்டாவது வரவு, நன்கொடை. தொழிலதிபர்களும் வங்கிக்காரர்களும் ‘ஹிம்லரின் நண்பர்கள் வட்டம்’ என்று வைத்துக்கொண்டு, வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் மார்க் கொடுத்தார்கள். கையில் ரத்தக்கறை இல்லை. செக்கில் கையெழுத்து மட்டும்தான்.

ஒழுங்கு, ஒழுங்கு என்கிறார்களே, அதற்கும் வருகிறேன். 1934 ஜூன் 30-ம் தேதி எஸ்.எஸ். ஒரு வேட்டையை ஆரம்பித்தது. ஹிட்லரின் பழைய கூட்டாளியும் பழுப்புச் சட்டைப் படையின் தலைவருமான ரோம் உட்பட, குறைந்தது 85 பேர் காலி. விசாரணை கிடையாது, கோர்ட் கிடையாது. ஜூலை 3-ம் தேதி, நடந்ததெல்லாம் சட்டப்படி சரிதான் என்று ஒரு சட்டம் போட்டார்கள். கல்லாவில் கை வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து வவுச்சர் எழுதுகிற ஆசாமியை உங்கள் ஆபீஸில் என்ன செய்வீர்கள்? அங்கே அந்த மாதமே எஸ்.எஸ்.ஸைத் தனி அமைப்பாக்கி, ஹிட்லருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று பதவி உயர்வு கொடுத்தார்கள்.

மூன்றாவது வரவு, மனிதர்கள். முகாம் கைதிகளை வைத்துக் கல் உடைக்கவும் செங்கல் அறுக்கவும் 1938-ல் சொந்தமாக ஒரு கம்பெனியே தொடங்கினார்கள். பிறகு வாடகைக்கு விட்டார்கள். ஆஷ்விட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயனக் கம்பெனி கொடுத்த வாடகை, தொழில் தெரியாத கைதிக்கு ஒரு நாளைக்கு 3 மார்க், தெரிந்தவனுக்கு 4 மார்க். பணம் எஸ்.எஸ்.ஸுக்கு. கைதிக்கு ஒரு பைசா கிடையாது.

நாலாவது வரவு, பிணங்கள். 1942 ஆகஸ்ட் முதல், கொல்லப்பட்டவர்களின் நகை, கரன்சி, பல்லில் கட்டியிருந்த தங்கம் எல்லாம் பெர்லினில் மத்திய வங்கிக்குப் போயின. எண்ணினார்கள், எடை போட்டார்கள், ரசீது கொடுத்தார்கள்.

செலவுக் கணக்கும் பக்காவாக இருந்தது. கொலைக்களத்துக்குப் போகிற ரயிலுக்குத் தலைக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம். குழந்தைகளுக்கு அரை டிக்கெட். நாலு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் என்றால் சலுகை. யூதர்களுக்கு ஒரு வழி டிக்கெட், காவலர்களுக்கு மட்டும் திரும்பி வரவும் டிக்கெட். நீங்கள் வியக்கிற நிர்வாகம் இதுதான்.

இன்னொன்று. அந்தத் திறமை என்பதும் பாதி பொய். ஒரானியன்பர்கில் கைதிகளைக் கசக்கிப் பிழிந்து பிரம்மாண்டமான செங்கல் தொழிற்சாலை கட்டினார்கள். அந்த ஊர் மண்ணுக்கு அந்த இயந்திர முறை ஒத்துவருமா என்று ஒழுங்காகச் சோதிக்கவில்லை. செங்கல் உதிர்ந்தது. இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். சாதாரண முதலாளி என்றால் மஞ்சக் கடுதாசி கொடுத்திருப்பான். இவர்களுக்கு என்ன கவலை? கூலி இல்லை, கேட்க ஆளில்லை, செத்தால் அடுத்த ரயிலில் ஆள் வரும். தப்பு செய்தவனைக் கேள்வி கேட்க முடியாத இடத்தில் திறமை எப்படி வளரும்? பயம்தான் வளரும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒழுங்கு மாதிரித் தெரியும்.

1946-ல் நியூரம்பெர்க் நீதிமன்றம் எஸ்.எஸ்.ஸைக் குற்றவாளி அமைப்பு என்று அறிவித்தது. இந்தக் கணக்குகளையெல்லாம் மேய்த்த ஓஸ்வால்ட் போல், கடற்படையில் சம்பளம் பட்டுவாடா செய்துகொண்டிருந்தவர், 1951-ல் தூக்கில் தொங்கினார். கீழே இருந்த குமாஸ்தாக்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். ஆஷ்விட்ஸுக்கு வந்து இறங்கியவர்களின் பணத்தை எண்ணிய ஆஸ்கர் குரோனிங் ஒரு வங்கி ஊழியர். ‘நான் யாரையும் கொல்லலையே’ என்பது அவர் கட்சி. 2015-ல், அவருடைய 94-வது வயதில், மூன்று லட்சம் பேரின் கொலைக்கு உடந்தை என்று ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாலு வருட தண்டனை. அதை அனுபவிக்கும் முன்பே 2018-ல் இறந்துபோனார். மிகத் தாமதம்தான். ஆனால் தீர்ப்பு சரி. அவர் எண்ணாமல், இன்னொருவர் ரசீது போடாமல், மற்றொருவர் டிக்கெட் கிழிக்காமல் அந்த இயந்திரம் ஒரு நாள்கூட ஓடியிருக்காது.

‘அந்த ஒழுங்கு நமக்கு வருமா’ என்று ஏங்குகிறவர்கள் எப்போதும் தங்களை கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவராகவே நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த தடவை யாராவது அப்படிச் சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள். ‘அந்த ரயிலில் உங்களுக்கு எந்த டிக்கெட் சார்? ஒரு வழியா, திரும்பி வரவுமா?’