மனு முடிந்து திரும்புகிறவர்

சிறைவாசிகளுக்கு உணர்வுகளைக் கையாளக் கற்றுத்தருவது பலன் தருமா என்று பொதுப்படக் கேட்டுக்கொண்டிருக்கும் கட்டத்தை, சிறைகளில் வகுப்பு நடத்தும் நாம் தாண்டிவிட்டோம். எப்போது, யாரைச் சேர்த்துக்கொண்டு கற்றுத்தருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2021இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வு, சிறைகளில் நடந்த உளவியல் பயிற்சிகள் பற்றிய 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறிய ஆய்வுகளை விலக்கியதும், மறுகுற்றம் குறைந்ததற்கான சான்று நிற்கவில்லை. விடுதலைக்குப் பிறகும் தொடரும் பயிற்சிகளுக்கு இனிவரும் ஆய்வுகளில் முன்னுரிமை தர வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாலியல் குற்றம் புரிந்தவர்களுக்கு நடத்திய பயிற்சியை 2017இல் மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்களில் 10 சதவீதமும் பெறாதவர்களில் 8 சதவீதமும் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். நல்ல நோக்கத்தோடு தொடங்கியதும் கெடுதலில் முடியலாம்.

மனு (உறவினர் சந்திப்பு) பார்த்துவிட்டு பிளாக்குக்குத் திரும்பும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மகளுக்கு நிச்சயம் முடிந்துவிட்டதாம். "கல்யாணத்துக்கு நீங்க வர வேணாம்னு மாப்பிள்ளை வீட்ல சொல்லிட்டாங்க" என்று மனைவி அழுதுவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் லாக்கப் அடைக்கும்போது காவலர் இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் எழவில்லை. மூன்றாவது தடவை குரல் ஏறுகிறது. மூச்சைக் கவனிக்க நம் வகுப்பில் கற்றவர்தான் அவர். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது, "என்னப்பா, மனுவில ஏதும் கெட்ட சேதியா?" என்ற ஒரு கேள்வி. கேட்கக்கூடிய இடத்தில் காவலர் மட்டுமே இருக்கிறார். நாம் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்.

ஆகவே காவலர்களையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும், அதுவும் பணி நேரத்திலேயே. ஓய்வு நாளைப் பிடுங்கிக்கொண்டு அவர்களுக்குப் பொறுமையைக் கற்பிக்க முடியாது. அமர்வுகள் மனு நாளையும் வாய்தா நாளையும் ஒட்டி அமையட்டும்.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள். ஜாமீன் என்றைக்கு வரும் என்று தெரியாதவருக்குப் பன்னிரண்டு வாரப் பாடத்திட்டம் எதற்கு? ஒரே அமர்வில் வந்துபோகிறவரும் ஏதாவது ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வெளியே போகிறவர், தனக்கு எப்போது ஆத்திரம் மூளும், யார் பேசினால் தணியும் என்று ஒரு பக்கம் எழுதட்டும். அவர் சம்மதித்தால் அது அந்த அலுவலரிடம் போய்ச் சேரட்டும். இதை முயன்று பார்த்தவர்கள் நமக்கு எழுதுங்கள். பலிக்காமல் போனதையும் எழுதுங்கள்.