கடன் முடிந்ததா? காகிதம் எங்கே?

என் பெரிய அண்ணன் போன வருடம் மாரடைப்பில் தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்த மறு வாரமே அண்ணிக்கு ஒரு போன். ‘சார் வாங்கின கார் லோன்ல 18,000 ரூபாய் பாக்கி இருக்கு. கட்டலேன்னா வண்டியைத் தூக்கிடுவோம்’ என்று ஒருவர் மிரட்டியிருக்கிறார். ‘கடன் முடிஞ்சாச்சு, இனிமே அது நம்ம வண்டி’ என்று அண்ணன் சொன்னது அண்ணிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அத்தாட்சி? பீரோவைக் குடைந்ததில் பழைய பெட்ரோல் பில்தான் கிடைத்தது. வளையலை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்று கிளம்பியவரை நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. அதைக் கண்டதும் அண்ணி அழுதேவிட்டார். சகோதரிகளே, இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். கடைசித் தவணை கட்டிவிட்டால் வங்கியின் பெயர் ஆர்.சி.யிலிருந்து தானாகப் போய்விடும் என்று நம்பி இருக்கக் கூடாது. வங்கி தரும் தடையில்லாச் சான்றையும், அவர்கள் கையெழுத்திட்ட 35-ஆம் நம்பர் படிவத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து நீக்க வேண்டும். அண்ணன் அதைச் செய்யவில்லை. எத்தனை ஆண்பிள்ளைகள் செய்கிறார்கள்?

வங்கிக்குப் போனோம். ‘கடன் வாங்கினவரே வந்தாத்தான் விவரம் சொல்வோம்’ என்றார் கவுண்டரில் இருந்தவர். அவர் வர முடிந்தால் நாங்கள் ஏன் வரப்போகிறோம்! இறப்புச் சான்றும், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றும் இணைத்து, கடன் கணக்கின் முழு ஸ்டேட்மெண்ட் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். பத்து நாளில் வந்தது. 2022-லேயே பாக்கி பூஜ்யம்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடன் அடைந்த 30 நாளில் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. 2023 டிசம்பர் 1 முதல் அமல். கடன்காரர் இறந்துபோனால் வாரிசுகளிடம் எப்படி ஒப்படைப்பது என்ற நடைமுறையையும் வங்கிகள் வகுத்து, தங்கள் இணையதளத்தில் போட வேண்டுமாம். எங்கள் கடன் 2022-லேயே முடிந்துவிட்டதால் அந்த 5,000 எங்களுக்குக் கிடையாது, போகட்டும். நல்ல உத்தரவுதான். ஆனால் இணையதளத்தில் போட்டால் அண்ணி மாதிரி பெண்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கிளையிலும் தமிழில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? கவுண்டரில் இருப்பவருக்கே அது தெரியவில்லையே!

நிஜமாகவே பாக்கி இருந்தாலும் பதற வேண்டாம். கடன் கொடுக்கும்போது அதோடு சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸையும் தலையில் கட்டியிருப்பார்கள். இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடனில் பங்காளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாத மனைவி, கணவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. தன் கைக்காசை, தன் நகையைக் கொடுக்க வேண்டியதில்லை.

வண்டியைப் பெயர் மாற்ற 31-ஆம் நம்பர் படிவம். இறந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கார் இன்ஷூரன்ஸும் அவர் பெயரில் மூன்று மாதம்தான் செல்லும், அதற்குள் கெடு முடிந்தால் அதுவரைதான். துக்கத்தில் இருக்கும் வீட்டில் யார் நாள் எண்ணுகிறார்கள்? எங்களுக்கும் கெடு தாண்டி, அபராதம் கட்டித்தான் ஆர்.சி. அண்ணி பெயருக்கு வந்தது.

போன் செய்தவரிடம், ‘எழுத்தில் அனுப்புங்க, வங்கியிலேயே வந்து கட்டறோம்’ என்று சொல்லிப் பார்த்தோம். அதோடு சரி, அப்புறம் அந்த நம்பரிலிருந்து போனே வரவில்லை.

- ஒரு வாசகி, திருச்சி.